எல்லை கடந்த இரசிகர்: உதைபந்தாட்டப் பிரயாணத்தின் சமூக வரலாறு குறித்துச் சில எண்ணங்கள்

விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஆடியவரைப் பற்றியே பெரிதும் எழுதியுள்ளனர். எந்த ஆண்டில் எந்த அணி வென்றது, யார் எத்தனை கோல்களைப் போட்டனர் என்பன திகதி தவறாது பதியப்பட்டுள்ளன. பார்த்தவரோ அப்பதிவுகளில் ஓர் எண்ணாக மட்டுமே இடம்பெறுவர். இத்தனை ஆயிரம் பேர் வந்திருந்தனர் என்ற ஒற்றை வரியோடு அவர்கள் கதை முடிந்துவிடும். அவர்களுள்ளும் ஒரு சாரார் தனித்து நோக்கப்பட வேண்டியவர். தம் அணியைத் தொடர்ந்து கடலையோ மலையையோ கடந்து பிற நாடொன்றுக்குச் சென்று, அந்நியரின் மைதானத்தில் தமக்கென ஒதுக்கப்பட்ட மூலையில் நின்று ஆட்டத்தைக் கண்டு திரும்புபவரையே இங்குக் குறிப்பிடுகின்றோம். யாத்திரிகனுக்குப் புண்ணியம் உண்டு. வணிகனுக்கு இலாபம் உண்டு. போர்வீரனுக்குக் கட்டளை உண்டு. இவற்றுள் எதுவுமின்றித் தொண்ணூறு நிமிடங்களுக்காகப் பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு எல்லை கடக்கும் மனிதன் உலக வரலாற்றிற் புதியவன்.

இம்மனிதனைப் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து ஒன்றுண்டு. ஒழுங்காக நடந்தால் அவன் விருந்தாளி, குழப்பம் விளைவித்தால் அவன் காடையன், ஆகவே அவனுக்குக் கிடைக்கும் வரவேற்பு அவன் நடத்தைக்கு ஏற்ற கூலி என்பதே அக்கருத்து. வரலாற்றுச் சான்றுகளை நோக்குமிடத்து இக்கருத்து பாதி உண்மையே எனத் தோன்றுகின்றது. இரசிகர் விருந்தாளியாக ஏற்கப்பட்டாரா, பகைவராகக் காவலிடப்பட்டாரா என்பதை அவரை ஏற்றிச் சென்றவரும், அவரை எதிர்கொண்ட அரசும், அவரை நிறுத்தி வைத்த இடமுமே பெரும்பாலும் தீர்மானித்துள்ளன. ஐரோப்பாவிலிருந்தும் தென் அமெரிக்காவின் பிளேற் ஆற்றுப் பிரதேசத்திலிருந்தும் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிரயாணத்தின் தோற்றுவாயைப் புகையிரதத்திலும் தொழிற்சாலைச் சட்டத்திலுமே தேடவேண்டும். 1841 யூலை 5ஆம் திகதி தோமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலிருந்து லவ்பரோ நகருக்கு ஏறக்குறைய 500 பேரை ஒரு ஷிலிங் கட்டணத்திற் சிறப்புப் புகையிரதமொன்றில் அழைத்துச் சென்றார். அது மதுவிலக்குக் கூட்டமொன்றுக்கான பிரயாணம். கூட்டமாகச் செல்வோருக்குக் குறைந்த கட்டணம் என்ற அம்முறையைப் பிற்காலத்தில் மிகுதியாகப் பயன்படுத்தியோருள் மதுவிலக்கில் எள்ளளவும் நாட்டமில்லாத உதைபந்தாட்ட இரசிகர்கள் முன்னணியில் நின்றனர் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளிற் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்தியது. அவர்களின்றி ஆலைகள் இயங்க இயலாமையால் ஆண்களுக்கும் அவ்வோய்வு படிப்படியாகக் கிடைத்தது. சனிக்கிழமைப் பிற்பகல் என்ற அரை நாளும் மலிவான புகையிரதச் சீட்டும் சேர்ந்தபோது, அயலூருக்குச் சென்று ஆட்டம் பார்த்து இரவே திரும்புவது தொழிலாளிக்கு முதன்முறையாக இயல்வதாயிற்று.

1884இல் இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டத்தைக் காண வடபுலத்து நெசவாலை நகரான பிளக்பேர்ணிலிருந்து இலண்டனுக்கு வந்த கூட்டத்தைத் தலைநகரப் பத்திரிகையொன்று நாகரிகமறியாத படையெடுப்பாளராகவே வருணித்தது. அவர்கள் எவரையும் தாக்கியதாகக் குற்றச்சாட்டு இருக்கவில்லை. அவர்களுடைய உடையும் பேச்சுமே குற்றமாயின. வெளியூர் இரசிகரைப் பற்றிய அச்சம் அவருடைய வன்முறைக்கு முந்தியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவ்வச்சத்தின் மூலம் வர்க்கம் சார்ந்தது.

புகையிரதக் கம்பனிகளின் கையில் இருந்த அதிகாரத்துக்கு 1901ஆம் ஆண்டு நல்லதோர் உதாரணத்தைத் தருகின்றது. அவ்வாண்டு கிண்ண இறுதியாட்டத்தில் டொற்றன்ஹாம் அணியும் ஷெபீல்ட் யுனைற்றெட் அணியும் இலண்டனிலுள்ள கிறிஸ்ரல் பலஸ் மைதானத்திற் சந்தித்தபோது 110,820 பேர் கூடினர். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டம் வடக்கே போல்ரன் நகரில் வைக்கப்பட்டது. அந்நகரின் புகையிரத நிலையத்தில் வேலைகள் நடைபெற்றுக்கொண்டிருந்தமையாற் கம்பனி மலிவுச் சீட்டு வழங்க மறுத்துவிட்டது. விளைவு, வந்தோர் தொகை 20,470 மட்டுமே. இலட்சக் கணக்கானவர்க்கு உணவு சமைத்து வைத்திருந்த போல்ரன் வியாபாரிகள் விற்காத இறைச்சிப் பணியாரங்களோடு நின்றனர். இரசிகரின் ஆர்வம் ஒரு வாரத்தில் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என எவரும் கொள்ளார். கட்டணமே குறுக்கே நின்றது.

இவை யாவும் ஒரு நாட்டுக்குள் நிகழ்ந்தவை. நாட்டெல்லையைக் கடந்த முதற் பெருங் கூட்டம் என ஸ்கொத்லாந்து இரசிகரைக் கூறலாம். 1872 நொவெம்பர் 30ஆம் திகதி கிளாஸ்கோவில் ஸ்கொத்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிய முதலாவது சர்வதேசப் போட்டியை ஏறக்குறைய 4,000 பேர் கண்டனர். 1920கள் முதல் ஈராண்டுக்கொரு முறை அப்போட்டி இலண்டன் வெம்பிளி மைதானத்துக்கு வந்தது. கப்பல் கட்டும் துறைகளிலும் சுரங்கங்களிலும் வேலைசெய்தோர் இரண்டாண்டுகள் வாரந்தோறும் சிறு தொகை கட்டிச் சேர்த்து அப்பிரயாணத்தை மேற்கொண்டனர். நம்மூர்ச் சீட்டுக்கு ஒப்பானதொரு முறை எனலாம். 1928இல் அவர்களுடைய அணி 5 - 1 என்ற கணக்கில் வென்றது. அவ்வெற்றியைக் கண்டதாகக் கூறிக்கொண்டோர் தொகை பின்னர் ஆண்டுதோறும் வளர்ந்தது என்பர். பெரிய ஆட்டங்கள் யாவற்றுக்கும் உரிய நியதி அது. ஆனால் அவர்கள் கடந்தது கடவுச்சீட்டு வேண்டாத எல்லை. ஐரோப்பாவின் ஏனைய எல்லைகள் 1914க்கு முன் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. முதலாம் உலகப் போருடன் கடவுச்சீட்டு நிரந்தரமாயிற்று. உதைபந்தாட்டம் உலகப் போட்டியாக விரிந்த காலமும் எல்லைகள் இறுகிய காலமும் ஒன்றே என்பதை மறத்தலாகாது. இரசிகர் அதன்பின் அரசைக் கேளாமல் எங்கும் செல்ல இயலாதவரானார்.

1930 யூலை 30ஆம் திகதி உருகுவேயின் தலைநகரான மொன்ரிவிடேயோவில் நடைபெற்ற முதலாவது உலகக் கிண்ண இறுதியாட்டம் இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது. ஐரோப்பாவிலிருந்து நான்கு அணிகளே அப்போட்டிக்கு வந்தன. பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா ஆகிய மூன்றும் கொன்ரே வேர்தே என்ற ஒரே கப்பலில் வந்தன. யூகோஸ்லாவியா வேறொரு கப்பலில் வந்தது. கடற்பிரயாணம் மட்டுமே இரு வாரங்களுக்கு மேலாகும் நிலையில் அவ்வணிகளைத் தொடர்ந்து எந்தத் தொழிலாளி வந்திருக்க முடியும்? எனவே அப்போட்டியின் வருகை இரசிகர் என்று சொல்லத்தக்க பெருங்கூட்டம் ஆர்ஜென்ரீனருடையதே. புவெனோஸ் ஐரிஸ் நகருக்கும் மொன்ரிவிடேயோவுக்கும் இடையே பிளேற் ஆற்றின் கழிமுகம் கிடக்கின்றது. ஆறு எனப் பெயர் பெற்றாலும் நீர்வழியே அது ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரம். இரவுக் கப்பலில் ஏறினாற் காலையிற் சேரலாம்.

இறுதியாட்டத்துக்கு இரு நாடுகளும் தெரிவானதும் புவெனோஸ் ஐரிஸ் துறைமுகத்திற் கூட்டம் அலைமோதியது. சிறப்பாக ஒழுங்குசெய்யப்பட்ட கப்பல்களும் போதவில்லை. ஏறக் கிடைத்தவரிலும் ஒரு பகுதியினர் கழிமுகத்தின் மூடுபனியில் அகப்பட்டு உரிய நேரத்தில் மொன்ரிவிடேயோவை அடையவில்லை. பணம் கொடுத்து, இடம் பிடித்து, கரையை எட்டும் தூரத்தில் நின்று ஆட்டத்தை இழந்தோரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கரை சேர்ந்தோரைத் துறையிலும் மைதான வாயிலிலும் ஆயுதம் தேடிச் சோதனையிட்டனர். நடுவராகப் பணியாற்றிய பெல்ஜியரான ஜோன் லங்கெனுஸ் தம் பாதுகாப்புக்கு உறுதி கேட்ட பின்னரே களமிறங்கச் சம்மதித்தார். எவருடைய பந்தைக் கொண்டு ஆடுவது என்பதிற் கூட உடன்பாடு ஏற்படாமையால் ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு நாட்டின் பந்தால் ஆடப்பட்டது. இடைவேளையின்போது 2 - 1 என முன்னின்ற ஆர்ஜென்ரீனா இறுதியில் 2 - 4 எனத் தோற்றது. மறுநாள் உருகுவேயிற் பொது விடுமுறை. அக்கரையிலோ உருகுவேயின் தூதரக அலுவலகம் கல்லெறிக்கு உள்ளானது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கல்லெறிந்தோர் கப்பலேறிச் சென்றவரல்லர். ஊரிலிருந்து செய்தி கேட்டவர். சோதனையிடப்பட்டவரோ பிரயாணம் செய்தவர். ஐயம் எப்பொழுதும் வந்தவர் மீதே விழுகின்றது. அதற்குக் காரணம் அவர் ஓர் அடையாளத்தைச் சுமந்து வருவதே. தனியொருவராகச் சென்றால் அவர் ஒரு பிரயாணி. கொடியோடும் கூட்டத்தோடும் சென்றால் அவர் ஒரு நாடு.

இவ்வுண்மையை முதலில் நன்கு பயன்படுத்திக்கொண்டவை பாசிச அரசுகளே. 1934ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை நடத்திய முசோலினியின் அரசு வெளிநாட்டு இரசிகர் வருவதற்குப் பிரயாணச் சலுகைகளை வழங்கியது. ஒல்லாந்திலிருந்தும் சுவிற்சலாந்திலிருந்தும் பிற அயல் நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அவர்கள் ஆட்டத்தைக் காண வந்தனர். அரசோ தன் புதிய மைதானங்களையும் நேரந்தவறாத புகையிரதங்களையும் அவர்கள் காணவேண்டும் என விரும்பியது. பதினாறு அணிகளும் முதல் நாளிலேயே தோற்றால் வெளியேறும் முறையில் ஆடின. எனவே வந்தோரிற் பாதிப் பேரின் போட்டி அன்று மாலையே முடிந்தது. உரோமுக்குப் போகின்றோம் எனப் பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு வந்த ஒல்லாந்தர் மிலான் நகரில் 2 - 3 எனச் சுவிற்சலாந்திடம் தோற்று உரோமைக் காணாமலே திரும்பினர். அத்திலாந்திக்கைக் கடந்து வந்த பிரேசிலும் ஆர்ஜென்ரீனாவும் கூட ஒரே ஓர் ஆட்டத்தோடு கப்பலேறின.

இதனினும் கூர்மையான உதாரணம் அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது. 1935 டிசெம்பர் 4ஆம் திகதி இலண்டன் டொற்றன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தும் ஜேர்மனியும் ஆடின. ஏறக்குறைய 10,000 ஜேர்மன் இரசிகர் கப்பல்களிலும் சிறப்புப் புகையிரதங்களிலும் அன்று இலண்டன் வந்தனர். அவர்களை அனுப்பியது நாஸி அரசின் ஓய்வுநேர அமைப்பு. சுதந்திரமான தொழிற்சங்கங்களை 1933இல் அழித்த பின், தொழிலாளரைத் தன்பாற் கட்டி வைக்க அவ்வரசு ஏற்படுத்திய அமைப்பு அது. மலிவான பிரயாணமே அதன் முக்கிய கருவி. டொற்றன்ஹாம் அணியின் இரசிகருள் யூதர் பலர் இருந்தமையால் மைதானத் தெரிவே ஒரு புண்படுத்தலாயிற்று. பிரித்தானியத் தொழிற்சங்கக் கூட்டவையின் செயலாளர் வால்ரர் சிற்றின் இப்போட்டியை நிறுத்துமாறு உள்நாட்டமைச்சர் ஜோன் சைமனைக் கேட்டார். அரசின் அனுமதியும் ஏற்பாடும் இன்றி இத்தனை பேர் ஜேர்மனியை விட்டு வர இயலாது, எனவே இது தனிமனிதரின் உல்லாசப் பிரயாணமன்று என்பதே தொழிற்சங்கத்தினர் வாதத்தின் சாரம். இது வெறும் விளையாட்டு, இதில் அரசியல் இல்லை என்பது அமைச்சரின் மறுமொழி. ஆட்டம் நடந்தது, இங்கிலாந்து 3 - 0 என வென்றது. வந்த ஜேர்மனியர் பேருந்துகளில் நகரைச் சுற்றிப் பார்த்து, ஒழுங்காக நின்று ஆட்டம் கண்டு, அன்றிரவே திரும்பினர்.

உதைபந்தாட்ட வரலாற்றில் மிக ஒழுக்கமான வருகை இரசிகர் கூட்டங்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. நடத்தையே அளவுகோல் என்போர் இந்நிகழ்ச்சிக்கு என்ன விடை கூறுவர்? அவர்களுடைய ஒழுக்கமே அவர்களை அனுப்பிய அரசின் விளம்பரமாயிற்று. தனிப்பட்ட முறையில் அவர்களுட் பலர் வெறுமனே ஆட்டத்தை விரும்பிய தொழிலாளராக இருந்திருக்கலாம். அவர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. சிற்றினே சரியாக விளங்கிக்கொண்டார், சைமன் விளங்கிக்கொள்ள விரும்பவில்லை என்பதே எமது கருத்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. மின்னொளியில் இரவு ஆட்டங்கள் நடைபெறத் தொடங்கின; பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கபிரியேல் ஹனோவின் முயற்சியால் 1955இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி தோன்றியது. வார நடுவில் ஒரு நாட்டில் ஆடி, சனிக்கிழமைக்குள் தன் நாட்டுக்கு மீள வேண்டிய அணிகளுக்கு விமானம் இன்றியமையாததாயிற்று. 1958 பெப்ரவரி 6ஆம் திகதி மியூனிக்கில் விபத்துக்குள்ளான விமானத்தில் இறந்த 23 பேருள் மன்செஸ்ரர் யுனைற்றெட் வீரர் எண்மரையே உலகம் நினைவில் வைத்துள்ளது. அவர்களோடு பிரயாண ஏற்பாட்டாளர் ஒருவரும், அணியைத் தொடர்ந்து சென்ற இரசிகர் ஒருவரும் மாண்டனர். ஐரோப்பியப் பிரயாணத்தின் தொடக்கத்திலேயே ஆடுபவரோடும் எழுதுபவரோடும் பார்ப்பவரும் ஒரே விமானத்தில் இருந்தார் என்பதற்கு அப்பட்டியலே சான்று.

விமானம் வசதி படைத்தோருக்கே அன்று உரியது. தொழிலாளர் ஐரோப்பாவைக் கடந்தது தரைவழியாகவே. 1967 மே 25ஆம் திகதி போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்குக் கிளாஸ்கோ நகரின் செல்ரிக் அணி தெரிவானபோது, அதன் இரசிகர் பல ஆயிரம் பேர் கார்களிலும் வான்களிலும் அணிவகுத்துப் பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து சென்றனர். 2,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அது. அவர்களுட் பலருக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பிரயாணம். அதுவுமன்றி, 1966இன் இறுதியிலிருந்து பிரித்தானிய அரசு ஸ்ரேளிங் வலயத்துக்கு வெளியே செல்வோர் கொண்டுசெல்லக்கூடிய தொகையை ஆண்டுக்கு 50 பவுண் என வரையறுத்திருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு என்பதை இலங்கை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. உறங்குவதற்கு வண்டி, உண்பதற்குக் கொண்டு சென்ற தகரப் பேணி உணவு என்றவாறே அப்பயணம் அமைந்தது.

லிஸ்பனிற் செல்ரிக் 2 - 1 என இத்தாலியின் இன்ரர் அணியை வென்று, அக்கிண்ணத்தைப் பெற்ற முதற் பிரித்தானிய அணியாயிற்று. ஆட்டம் முடிந்ததும் இரசிகர் ஆடுகளத்துக்குள் வெள்ளமெனப் புகுந்தனர். புற்றரையைப் பெயர்த்து நினைவாக எடுத்துச் சென்றோரும் உண்டு. சக வீரர் எவரும் உடன் செல்ல இயலாத நிலையில் அணித்தலைவர் பில்லி மக்நீல் கூட்டத்தை ஊடறுத்துச் சென்று கிண்ணத்தைப் பெற்றார். சலசார் ஆண்ட போர்த்துக்கல் மக்களாட்சி நாடன்று. ஆயினும் அன்று தடியடி நிகழவில்லை. நகரத்தார் அவர்களைக் களிப்போடு ஏற்றனர். ஐந்தாண்டுகளின் பின், 1972 மே 24ஆம் திகதி, அதே கிளாஸ்கோ நகரின் மற்றைய அணியான றேஞ்சர்ஸ் பார்சலோனாவில் மொஸ்கோ டினாமோவை 3 - 2 என வென்றபோது இரசிகர் அதேபோலக் களத்துட் புகுந்தனர். பிராங்கோவின் பொலிஸார் தடிகளோடு பாய்ந்தனர். இரசிகரும் இருக்கைகளையும் போத்தல்களையும் கொண்டு எதிர்த்தனர். கிண்ணம் மைதானத்தினுள் ஓர் அறையிற் கையளிக்கப்பட்டது. வெற்றி பெற்ற அணி ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து ஈராண்டுகள் விலக்கப்பட்டது. பின்னர் அது ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. பார்சலோனாவில் மதுவும் ஆத்திரமும் மிகுந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் களத்தினுட் புகுதல் என்ற ஒரே செயல் ஓரிடத்திற் கொண்டாட்டமாகவும் இன்னோரிடத்திற் கலகமாகவும் முடிந்தமைக்கு, எதிரே நின்றோரையும் கணக்கிலெடுத்தே காரணம் கூறல் வேண்டும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஆங்கில இரசிகரின் பெயர் ஐரோப்பாவிற் கெட்டது. 1974இல் ரொற்றர்டாம், 1975இல் பாரிஸ், 1980இல் இத்தாலியின் துரின் என நகரங்கள் மாறினவே அன்றிச் செய்தி மாறவில்லை. கூட்டத்தில் ஒரு பகுதியினர் சண்டைக்காகவே பிரயாணம் செய்தனர் என்பது உண்மை. தொழிற்சாலைகள் மூடப்பட்ட காலத்து இளைஞரின் விரக்தி, தீவிர வலதுசாரிக் குழுக்களின் ஊடுருவல், மலிந்துவிட்ட பிரயாணம் எனப் பல காரணங்களை ஆய்வாளர் கூறுவர். காரணம் கூறுதல் வேறு, நியாயம் கூறுதல் வேறு.

1985 மே 29ஆம் திகதி பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் நிகழ்ந்ததை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். லிவர்பூல் அணிக்கும் இத்தாலியின் யுவெந்துஸ் அணிக்குமான ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் அது. 1930இல் திறக்கப்பட்ட அம்மைதானம் பழுதடைந்த நிலையில் இருந்தது. லிவர்பூல் இரசிகருக்கு ஒதுக்கப்பட்ட படிக்கட்டுகளுக்கு அருகே 'இசற்' எனப் பெயரிடப்பட்ட பகுதி இருந்தது. இரு அணியும் சாராத உள்ளூர்ப் பார்வையாளருக்கு என அதன் சீட்டுக்கள் பெல்ஜியத்தில் விற்கப்பட்டன. பெல்ஜியத்தில் இத்தாலியர் பெருந்தொகையாக வாழ்ந்தனர் என்பதை ஏற்பாட்டாளர் எண்ணிப் பார்க்கவில்லைப் போலும். 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இத்தாலியத் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். 1956இல் மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேருள் 136 பேர் இத்தாலியர். அச்சமூகத்தினர் வழியாகவும் பிரயாண முகவர் வழியாகவும் 'இசற்' பகுதிச் சீட்டுக்கள் இத்தாலியர் கைகளை அடைந்தன. குடும்பங்களாக வந்தோரும் சிறுவரும் அங்கு நின்றனர். அவர்களுக்கும் லிவர்பூல் கூட்டத்துக்கும் இடையே இருந்தது மெல்லிய கம்பி வேலியும் சில பொலிஸாருமே. ஆட்டம் தொடங்குமுன் லிவர்பூல் இரசிகரில் ஒரு பகுதியினர் வேலியைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தனர். அஞ்சி ஒதுங்கியோர் பக்கச் சுவரோடு நெருக்குண்டனர், சுவர் சரிந்தது. முப்பத்தொன்பது பேர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் இத்தாலியர். உடல்கள் வெளியே கிடக்க, மேலும் கலகம் விளையாதிருக்க வேண்டும் என்ற காரணத்தால் ஆட்டம் நடத்தி முடிக்கப்பட்டது. யுவெந்துஸ் ஒரு தண்ட உதையால் வென்றது.

பின்னர் 14 ஆங்கில இரசிகர் பெல்ஜிய நீதிமன்றத்தில் உயிர்ச்சேதத்துக்குக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பெல்ஜிய உதைபந்தாட்ட அதிகாரி ஒருவரும் பொலிஸ் அதிகாரி ஒருவரும் கவனயீனத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஆங்கில அணிகள் ஐந்தாண்டுகளும் லிவர்பூல் ஆறாண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. இவை அறிந்த செய்திகள். ஹெய்சல் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்றை இங்குக் கூறல் தகும். வெளிநாட்டு இரசிகரால் விளைந்த கேடு என்றே அந்நிகழ்ச்சி நினைவுகூரப்படுகின்றது. ஆனால் இறந்தோரும் வெளிநாட்டு இரசிகரே. எல்லை கடந்து ஆட்டம் பார்க்க வந்தவர் என்ற பெயரைக் கொன்றவரோடு சேர்த்து மாண்டவரும் சுமந்தனர். அதன் பின் இயற்றப்பட்ட விதிகள் யாவும் வருகை இரசிகரிடமிருந்து ஏனையோரைக் காப்பது எப்படி என்றே வினவின. வருகை இரசிகரை யார் காப்பது என்ற வினா நெடுங்காலம் எழவே இல்லை.

அவ்வினா எழாமையின் விலை நான்கே ஆண்டுகளில் வேறோர் இடத்தில் அறவிடப்பட்டது. 1989 ஏப்ரில் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், கிண்ண அரையிறுதி ஆட்டத்துக்கென வெளியூரிலிருந்து வந்திருந்த லிவர்பூல் இரசிகர் கம்பிக் கூண்டுகளில் நெருக்குண்டனர். அந்நெருக்கடியில் இறந்தோர் தொகை, 2021இல் மாண்ட ஒருவரையும் சேர்த்து, 97 ஆகும். அவர்கள் மீதே பழி சுமத்தப்பட்டது. அவர்கள் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும், இரசிகரின் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் மரண விசாரணை யூரிகள் தீர்ப்பளித்தது 2016இலேதான்.

1990ஆம் ஆண்டு இத்தாலிய உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் முதற்சுற்று ஆட்டங்கள் சார்தீனியாத் தீவிலுள்ள காலியாரி நகரில் வைக்கப்பட்டன. தீவாந்தர சிட்சை என நகைச்சுவையாகக் கூறத் தோன்றும். கடலையே வேலியாக்கும் எண்ணம் அதிலிருந்தது. எனினும் அதே போட்டியின்போது ஆங்கில இரசிகர் சங்கத்தினர் 'இரசிகர் தூதரகம்' என்ற புதிய முயற்சியைத் தொடங்கினர். வழி, தங்குமிடம், மருத்துவம், சட்டம் ஆகியவை பற்றி வந்தவருக்குத் தம்மவரே தகவல் தரும் நிலையங்கள் அவை. அரசு செய்யாததை இரசிகரே செய்யத் துணிந்தமை குறிப்பிடத்தக்கது. டென்மார்க் இரசிகர் தம்மை 'றோலிகன்' என அழைத்துக்கொண்டதும் இக்காலப்பகுதியிலேயே. அமைதி என்னும் பொருள்பட்ட டேனிஷ் சொல்லை ஆங்கிலக் காடையர் பெயரோடு புணர்த்திய சொல் அது. ஸ்கொத்லாந்து இரசிகரும் ஆங்கிலேயரைப் போன்றவரல்லர் என உலகுக்குக் காட்டுவதையே தம் பண்பாடாக்கிக்கொண்டனர். அயலானின் அவப்பெயரே ஒருவனுக்கு நல்லொழுக்கத்தைக் கற்பித்த விந்தை இது.

சட்டமோ மறுதிசையிற் சென்றது. 2000ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் சார்லெருவா நகரில் நிகழ்ந்த குழப்பத்தின் பின், இங்கிலாந்திலும் வேல்சிலும் இயற்றப்பட்ட சட்டம் குற்றத் தீர்ப்புப் பெறாதோர் மீதும் நீதிமன்றம் தடைக்கட்டளை பிறப்பிக்கவும், வெளிநாட்டு ஆட்டக் காலங்களில் அவர்கள் கடவுச்சீட்டைக் கையளிக்கவும் வழிசெய்தது. குற்றம் செய்யக்கூடியவர் என்ற எண்ணத்தின் பேரில் ஒருவரின் பிரயாண உரிமையை நிறுத்தும் முறை பிற துறைகளில் எளிதாக ஏற்கப்பட்டிருக்காது. உதைபந்தாட்ட இரசிகர் விடயத்தில் அது பெரும் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

இதற்கிடையில் மக்கள் தம் வழியே சென்றனர். 2003 மே 21ஆம் திகதி ஸ்பெயினின் செவில் நகரிற் செல்ரிக் அணி போர்த்துக்கல்லின் போர்ட்டோவிடம் 2 - 3 எனத் தோற்றபோது, அந்நகருக்கு வந்திருந்த அதன் இரசிகர் தொகை ஏறக்குறைய 80,000 என மதிப்பிடப்பட்டது. மைதானத்தின் முழுக் கொள்ளளவும் அத்தொகைக்கு மிகக் குறைவு. வந்தோரிற் பெரும்பாலோர் நுழைவுச்சீட்டு இல்லை என அறிந்தே வந்தவர். ஆட்டத்தைக் காண்பதற்காக அன்றி, ஆட்டம் நடக்கும் நகரில் இருப்பதற்காகப் பிரயாணம் செய்யும் புதியதொரு நிலை இது. அவர்களுடைய நன்னடத்தைக்குச் சர்வதேசச் சம்மேளனம் விருது வழங்கியது. ஆனால் 2018இல் இரசியாவில் நடந்த உலகக் கிண்ணத்தில், சீட்டு வாங்கியவருக்கு வழங்கப்பட்ட இரசிகர் அடையாள அட்டையே விசாவுக்குப் பதிலாக அமைந்தது. எல்லையை எளிதாகத் திறந்த அவ்வட்டையே வந்தவர் ஒவ்வொருவரையும் அரசின் பதிவேட்டிலும் ஏற்றியது. செவில் நகருக்குச் சென்றது போலச் செல்வதற்கு அங்கு இடமில்லை.

பிளேற் ஆற்றங்கரைக்கும் ஒரு முறை மீளலாம். 2013இல் இரசிகர் ஒருவரின் மரணத்தின் பின் ஆர்ஜென்ரீனாவில் வெளியூர் இரசிகர் மைதானங்களினுட் செல்வது தடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் அத்தடை நீடித்தது. 2018இல் தென் அமெரிக்கக் கிண்ண இறுதிக்குப் புவெனோஸ் ஐரிஸ் நகரின் இரு அணிகளான போகாவும் ரிவர் பிளேற்றும் தெரிவாயின. முதல் ஆட்டம் எதிரணி இரசிகர் இன்றியே நடந்தது. இரண்டாம் ஆட்டத்துக்குச் சென்ற போகா வீரரின் பேருந்து தாக்கப்பட்டமையால் அவ்வாட்டம் டிசெம்பர் 9ஆம் திகதி ஸ்பெயினின் மட்ரிட் நகருக்கு மாற்றப்பட்டது. தம் நகரில் ஒரே மைதானத்தில் நிற்க அனுமதிக்கப்படாத இரு சாராரும் 10,000 கிலோமீற்றருக்கு அப்பாற் பழைய குடியேற்ற நாட்டுத் தலைநகரில் ஒன்றாக அமர்ந்து ஆட்டத்தைக் கண்டனர். போகத்தக்க பணமில்லாதோர் வீட்டிலிருந்தனர். 1930இன் மூடுபனி இவ்வளவு பேரைத் தடுத்திருக்க முடியாது.

2022 மே 28ஆம் திகதி பாரிஸ் நகரின் புறத்தேயுள்ள சென் டெனி மைதானத்தில் லிவர்பூலும் றியல் மட்ரிட்டும் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஆடவிருந்தன. லிவர்பூல் இரசிகர் குறுகிய வழியொன்றினூடாக வாயில்களை நோக்கி நெருக்கப்பட்டனர், வாயில்கள் மூடப்பட்டன, சிறுவரும் மாற்றுத்திறனாளிகளும் நின்ற கூட்டத்தின் மீது பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசினர். ஆட்டம் அரை மணிக்கு மேல் தாமதமாயிற்று. பெருந்தொகையான போலிச் சீட்டுக்களோடு ஆங்கிலேயர் வந்தமையே காரணம் எனப் பிரெஞ்சு உள்நாட்டமைச்சர் அறிவித்தார். 1884ஆம் ஆண்டுப் பத்திரிகையாளருக்கு அக்கூற்றுப் புதிதாகத் தோன்றியிராது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமே நியமித்த சுயாதீனக் குழு 2023 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. முதன்மைப் பொறுப்பை அச்சங்கத்தின் மீதே அக்குழு சுமத்தியது. எவரும் இறவாமற் போனமை வியப்புக்குரியது என்றும் கூறியது. நெருக்குண்ட நிலையில் முன்னே தள்ளாமல் நின்ற லிவர்பூல் இரசிகரின் பொறுமையும் அவ்வறிக்கையிற் குறிக்கப்பட்டுள்ளது. அவர்களுட் பலர் ஹில்ஸ்பரோவில் நின்றவர், அல்லது அங்கு நின்றவரின் பிள்ளைகள்.